மலையேறிய முதலைகள்: ஓய்வுபெற்ற சரக்கு எஞ்சின்கள் எங்கே போகின்றன?

(எமது வானொலியின் மாதாந்த உரைத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



சுவிஸிலே வாழும் நாங்கள் புகையிரதத்தோடு ஒட்டி வாழ்கிறவர்கள். வேலைக்குப் போவது, பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிச் செல்வது, ஊரிலிருந்து வந்த உறவினருக்கு மலை காட்டுவது எல்லாமே பெரும்பாலும் புகையிரதத்தில்தான். நாங்கள் ஏறி இறங்குவது பயணிகள் வண்டிகளில். அதே தண்டவாளத்திலே, நாங்கள் நித்திரை கொள்ளும் நேரத்தில், இன்னொரு வகை வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அதுதான் சரக்கு வண்டி. இரும்பு, எண்ணெய், மரம், சீமெந்து, கடைகளுக்கு வரும் சாமான்கள் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு அது மலையைக் கடந்து போகிறது. அதை இழுக்கும் எஞ்சினை நாங்கள் நின்று பார்ப்பது குறைவு. அந்த எஞ்சின் கிழமாகிப் போனால் என்ன நடக்கிறது என்று யோசிப்பது அதனிலும் குறைவு.

இன்றைக்கு அதைப்பற்றித்தான் உங்களோடு கதைக்க விரும்புகிறேன். ஓய்வுபெற்ற மின்சாரச் சரக்கு எஞ்சின்களின் கதை. உலகத்தில் பல நாடுகளில் இந்தக் கதை உண்டு. நாங்கள் வாழும் நாட்டிலேயே அதற்கு மிகப் பெயர்போன உதாரணம் இருக்கிறது. அதன் செல்லப்பெயர் "குரோக்கடீல்", அதாவது முதலை.

முதலை ஏன் பிறந்தது என்று தெரிந்தால்தான் அது ஏன் காப்பாற்றப்பட்டது என்பது விளங்கும். கோத்தார்ட் மலைப்பாதை 1882இல் திறக்கப்பட்டது. அதன் நடுவிலே 15 கிலோமீற்றர் நீளமான சுரங்கம். சுரங்கத்துக்கு வருமுன்னர் வண்டி ஏற வேண்டிய ஏற்றமும் சாதாரணமானதல்ல. ஊரி கன்ரோனிலுள்ள எர்ஸ்ற்பெல்ட் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 470 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சுரங்கத்தின் வடக்கு வாசலான கேஷனன் 1100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இடையிலுள்ள தூரம் முப்பது கிலோமீற்றர்கூட இல்லை. ஒவ்வொரு ஆயிரம் மீற்றருக்கும் 26 மீற்றர் அளவில் பாதை உயர்கிறது. வாஸன் என்ற ஊரிலுள்ள வெள்ளைத் தேவாலயம் யன்னலுக்கு வெளியே மூன்று தடவை, மூன்று உயரத்தில் தெரியும் என்பது அந்தப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும். மலைக்குள்ளே வட்டமாகச் சுற்றிச் சுற்றித்தான் தண்டவாளம் மேலே போகிறது.

அந்த நாளில் இந்தப் பாதையில் நீராவி எஞ்சின்கள் ஓடின. அவற்றுக்கு நிலக்கரி வேண்டும். சுவிஸில் சொல்லும்படியான நிலக்கரி இல்லை. பெரும்பகுதி ஜேர்மனியிலிருந்து வந்தது. முதலாம் உலகப்போர் வந்தபோது நிலக்கரி வரத்துக் குறைந்தது, விலை ஏறியது, வண்டிகள் குறைக்கப்பட்டன. அடுப்பு எரிக்க விறகுக்காக அடுத்த வீட்டுக்காரனை நம்பியிருக்கும் குடும்பத்தின் நிலைதான் நாட்டுக்கு. நிலக்கரி இல்லாத இந்த நாட்டில் மலையிலிருந்து விழும் தண்ணீர் நிறைய இருந்தது. தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுத்து, அந்த மின்சாரத்தில் வண்டி ஓட்டுவது என்று முடிவு செய்தார்கள். திச்சினோவில் ரிற்றோம் ஏரியின் தண்ணீரில் இயங்கும் மின்நிலையம் 1920இல் வேலைக்கு வந்தது. அதே ஆண்டில் கோத்தார்ட் சுரங்கத்தில் மின்சார வண்டி ஓடத் தொடங்கியது. 1922இல் லுட்சேர்னிலிருந்து இத்தாலி எல்லையிலுள்ள கியாசோ வரை மின்சாரக் கம்பி முழுமையாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்தப் பாதையிலே பாரமான சரக்கு வண்டிகளை இழுப்பதற்காகக் கட்டப்பட்டவைதான் முதலைகள். வின்ரர்தூரிலிருந்த எஞ்சின் தொழிற்சாலை இயந்திரப் பகுதியைச் செய்தது. சூரிச் ஓர்லிக்கோன் தொழிற்சாலை மின்சாரப் பகுதியைச் செய்தது. முதற் தொகுதியில் 1919 தொடக்கம் 1922 வரை 33 எஞ்சின்கள். பிறகு 1926, 1927ஆம் ஆண்டுகளில் சற்றே மாற்றிய வடிவில் 18 எஞ்சின்கள். மொத்தம் 51. உத்தியோகபூர்வப் பெயர் "சி.இ. 6/8". "சி" என்பது வேக வகுப்பு, மணிக்கு 65 கிலோமீற்றர் மட்டும் ஓடக்கூடியது. "இ" என்பது மின்சாரம். 6/8 என்றால் மொத்தம் எட்டு அச்சுகள், அவற்றில் ஆறு மோட்டரால் சுழல்பவை. சுவிஸ் எஞ்சின்களின் பெயரிலே அதன் சாதகம் முழுவதும் எழுதியிருக்கும்.

பெயர் எப்படி முதலையானது? எஞ்சினைப் பக்கவாட்டில் பார்த்தால் விளங்கும். நடுவிலே ஒரு பெட்டி. அதற்குள் பாரமான ரான்ஸ்போமரும், இரண்டு முனையிலும் சாரதி நிற்கும் அறைகளும். அதற்கு முன்னும் பின்னும் நீளமான, பதிந்த இரண்டு மூக்குகள். ஒவ்வொரு மூக்குக்குள்ளும் இரண்டு மோட்டர்கள். நடுப்பெட்டியும் மூக்குகளும் ஒன்றோடொன்று மூட்டுப் போட்டமாதிரி இணைந்திருக்கும். 19 மீற்றருக்கு மேல் நீளமும் 128 தொன் நிறையும் உள்ள ஒரு எஞ்சின் மலைப்பாதையின் இறுக்கமான வளைவிலே முறியாமல் திரும்ப வேண்டுமென்றால் அப்படித்தான் செய்ய வேண்டும். வளைவிலே போகும்போது மூக்கு ஒரு பக்கமும் உடல் ஒரு பக்கமுமாக அது நெளிந்து போவதைப் பார்த்தவர்களுக்கு வேறு பெயர் தோன்றியிருக்காது. முதலில் கபில நிறம், பின்னாளில் பச்சை நிறம்.

இன்னொரு விடயம். இன்றைய மின்சாரக் கார்கள் பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைத் திரும்பச் சேமிக்கின்றன என்று பெருமையாகச் சொல்கிறார்கள். முதலை நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அதைச் செய்தது. மலையிலிருந்து இறங்கும்போது அதன் மோட்டர்கள் மின்சாரம் பிறப்பித்து மேலே உள்ள கம்பிக்கே திருப்பி அனுப்பின. இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்குக் கை கொடுத்தது என்று சொல்லலாம்.

இனி அதன் பிற்கால வாழ்க்கை. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் அதன் பின்னரும், 1942 தொடக்கம் 1947 வரை, முதற் தொகுதியிலிருந்து 13 எஞ்சின்களுக்குக் கூடுதல் வலு உள்ள மோட்டர்கள் பூட்டி, வேகத்தை 75 கிலோமீற்றராக உயர்த்தினார்கள். 1956இல் இரண்டாம் தொகுதி 18 எஞ்சின்களும் அதே வேகத்துக்கு மாற்றப்பட்டன. அதற்கு முன்னரே, 1952இல், புதிய தலைமுறை வந்துவிட்டது. "ஏ.இ. 6/6" என்ற எஞ்சின். ஆறு அச்சும் மோட்டரால் சுழலும், மணிக்கு 125 கிலோமீற்றர் ஓடும். பயணிகள் வண்டியையும் இழுக்கும், சரக்கையும் இழுக்கும். அது வந்த பிறகு முதலைகளுக்குக் கோத்தார்ட்டில் இடம் குறைந்தது.

எஞ்சின்களுக்கு ஓய்வு ஒரே நாளில் வருவதில்லை. முதலில் முக்கிய பாதையிலிருந்து இறக்குவார்கள். பிறகு சமதரையில் மெதுவாக ஓடும் சரக்கு வண்டிகளுக்குக் கொடுப்பார்கள். கல், மணல் ஏற்றும் வண்டிகள் வரும். கடைசியில் நிலைய முற்றத்தில் பெட்டிகளை இங்குமங்கும் தள்ளிச் சேர்க்கும் வேலை. முதலைகளும் இந்தப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கின. 1980களின் நடுப்பகுதியில் கடைசி முதலையும் வேலையிலிருந்து நின்றது. அறுபது ஆண்டுகளுக்கு மேலான உழைப்பு.

51 முதலைகளில் இன்று மிஞ்சியிருப்பவை பத்து அளவில்தான். மற்றவை எங்கே? வெட்டி உருக்கப்பட்டன. இதிலே கோபப்பட ஒன்றுமில்லை. ஒரு மின்சார எஞ்சினுக்குள்ளே தொன் கணக்கில் செம்பு இருக்கிறது. ரான்ஸ்போமர் சுருள், மோட்டர் சுருள், கேபிள்கள் எல்லாம் செம்பு. மீதி நல்ல உருக்கு. ஓடாத எஞ்சின் ஒன்று தண்டவாளத்தில் இடம் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட அதை உருக்கினால் பணம் வரும். எந்த நிறுவனமும் அப்படித்தான் கணக்குப் பார்க்கும். எங்கள் வீட்டிலே பழைய பித்தளை அண்டா போன வழிதான்.

அப்படியென்றால் பத்து முதலைகள் எப்படித் தப்பின? என்னுடைய எண்ணம் இதுதான்: அவை தப்பியது அவற்றின் வலுவாலல்ல, செல்லப்பெயராலும் முகத்தாலும்தான். ஜேர்மனியின் மார்க்ளின் நிறுவனம் 1930களில் முதலையை விளையாட்டுப் புகையிரதமாகச் செய்து விற்கத் தொடங்கியது. ஐரோப்பாவில் எத்தனையோ பிள்ளைகள் நிஜ முதலையைக் காணுமுன்னரே வீட்டுத் தரையில் அதை ஓட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, உழைத்து, கழகம் அமைத்து, நிஜ எஞ்சினையே காப்பாற்ற வந்தார்கள். பெயரும் முகமும் உள்ளதற்கு ஆள் சேரும். இலக்கம் மட்டும் உள்ளது சத்தமில்லாமல் போய்விடும்.

அதற்குச் சாட்சி ஏ.இ. 6/6. முதலையின் இடத்தைப் பிடித்த அந்த எஞ்சின் 1952 தொடக்கம் 1966 வரை 120 கட்டப்பட்டது. முதல் 25 எஞ்சின்களுக்கு அன்றிருந்த கன்ரோன்கள், அரைக் கன்ரோன்களின் பெயர்களை வைத்து, முகப்பிலே குரோம் அலங்காரமும் போட்டார்கள். மற்றவற்றுக்கு நகரங்கள், ஊர்களின் பெயர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்த ஊரின் சின்னம். காலம் போகப்போக அதற்கும் குறை தெரிந்தது. மூன்று மூன்று அச்சுகளாக இறுகியிருந்ததால் மலை வளைவுகளில் தண்டவாளத்தைத் தேய்த்தது. 1970களில் இன்னும் வலுவான எஞ்சின்கள் வந்தன. கௌரவமான கடுகதி வண்டிகளை இழுத்தவை கடைசியில் சரக்கு எஞ்சின்களாகவே வயதாகின. 2010களின் தொடக்கத்தில் அவற்றின் சேவை முடிந்தது. பாசலுக்குக் கிட்டவுள்ள கைசராவுக்ஸ்ற்றில் ஒன்றன்பின் ஒன்றாக அவை வெட்டப்பட்டன. ஊரி, சூக் போன்ற சில பெயர்களைத் தாங்கிய எஞ்சின்கள் காப்பாற்றப்பட்டன. 120இலே ஒரு சிறு கைப்பிடி அளவுதான் மிஞ்சியது. அவற்றை முந்திய "ஆர்.இ. 6/6" என்ற மிகப்பெரிய எஞ்சின்கள் 89 கட்டப்பட்டன. அவையும் இப்போது ஒவ்வொன்றாக ஓய்வுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஆகவே இது முடிந்துபோன கதையல்ல.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து உலகத்தையும் தொட்டுவிட்டுப் போகிறேன். வின்ரர்தூர்க்காரர்களின் முதலைக்கு இந்தியாவிலே ஒரு சொந்தக்காரர் உண்டு. பம்பாயிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையேறும் பாதைகளில் சரக்கு இழுப்பதற்காக 1928ஆம் ஆண்டளவில் 41 எஞ்சின்கள் வாங்கப்பட்டன. அவற்றில் முதல் எஞ்சின்கள் வின்ரர்தூரில் கட்டப்பட்டவை, மற்றவை இங்கிலாந்தில் கட்டப்பட்டவை. அதே நீண்ட மூக்கு, அதே மூட்டுடல், சக்கரங்களை இணைக்கும் அதே உருக்குத் தண்டுகள். 37 அடிக்கு ஒரு அடி உயரும் ஏற்றத்திலே அவை வேலை செய்தன. இங்கே முதலை என்றார்கள், அங்கே "கேக்டா", அதாவது நண்டு என்றார்கள். 1990கள் வரை உழைத்த அந்த நண்டுகளில் ஒன்று டெல்லி தேசிய புகையிரத அருங்காட்சியகத்திலும், ஒன்று மும்பை நேரு விஞ்ஞான நிலையத்திலும் நிற்கின்றன. விடுமுறையில் இந்தியா போகிறவர்கள் பார்க்கலாம். சூரிச்சுக்குப் பக்கத்து நகரத்தில் கட்டிய எஞ்சின் வகையை மும்பையில் பார்ப்பது ஒரு தனி மகிழ்ச்சிதான்.

சரி, ஒரு எஞ்சின் உருக்கும் உலைக்குத் தப்பிவிட்டது என்று வைப்போம். அதோடு அது காப்பாற்றப்பட்டதாகிவிடுமா? இல்லை. அதற்குமேல் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நிற்பது, மற்றது ஓடுவது.

நிற்பவற்றுக்கு உதாரணம் எர்ஸ்ற்பெல்ட் நிலையத்துக்கு அருகில் நிற்கும் முதலை. 1982இலே, கோத்தார்ட் பாதையின் நூறாவது ஆண்டில், நினைவுச் சின்னமாக அங்கே நிறுத்தப்பட்டது. அந்தப் பாதையால் போகும் எவரும் காணலாம். லுட்சேர்ன் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் கூரையின்கீழே இன்னொன்று நிற்கிறது. ஜேர்மனியில் சின்ஸ்ஹைம், ஸ்பையர் என்ற ஊர்களின் தொழில்நுட்ப அருங்காட்சியகங்களிலும் உண்டு. ஒஸ்ரியாவிலும் ஒன்று இருக்கிறது. நிற்பது மலிவு. பார்க்க இலகு. ஆனால் வெளியிலே நிற்பதற்கு மழையும் பனியும் எதிரி. கூரை ஒழுகினால் உள்ளேயிருக்கும் மோட்டர்ச் சுருளின் காப்புத் துணி ஈரம் குடிக்கும். ஒருமுறை ஈரம் குடித்த சுருளுக்கு மின்சாரம் கொடுத்தால் எரிந்துபோகும். வெளியே வர்ணம் பளபளக்கும், உள்ளே உயிர் போயிருக்கும்.

ஓடுவதுதான் கஷ்டமானது. அதிலும் மின்சார எஞ்சினுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. நீராவி எஞ்சின் ஒன்றைக் காப்பாற்றியவர்கள், கைவிடப்பட்ட ஒரு சிறு பாதை கிடைத்தால், நிலக்கரியும் தண்ணீரும் போட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் பாட்டில் ஓட்டலாம். புகை வரும், விசில் ஊதும், பிள்ளைகள் ஓடிவருவார்கள். மின்சார எஞ்சினுக்கு மேலே 15,000 வோல்ட் கம்பி வேண்டும். அந்தக் கம்பி பெரும்பாலும் உண்மையான புகையிரதப் பாதையிலேதான் இருக்கிறது. ஆகவே நூறு வயது முதலை, இன்றைய கடுகதி வண்டிகளுக்கு நடுவிலே, இன்றைய சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் ஓட வேண்டும். கோத்தார்ட் அடிவாரப் பாதைகளில் இன்று வெளியே சமிக்ஞை விளக்குகளே கிடையாது. எவ்வளவு வேகம், எங்கே நிற்பது என்பதெல்லாம் வானலை மூலம் சாரதியின் திரைக்கு வருகிறது. அந்தக் கருவி இல்லாத எஞ்சின் அங்கே தலைமை தாங்கிப் போக முடியாது. கருவியுள்ள வேறொரு எஞ்சின் முன்னுக்கு நின்று கூட்டிச் செல்ல வேண்டும். வயதானவர் கைபிடித்துத் தெரு கடப்பதுபோல.

உடலுக்குள்ளேயும் பிரச்சினைகள் உண்டு. பழைய மின்சார எஞ்சின்களில் வெப்பத்தைத் தடுக்கக் கல்நார், அதாவது அஸ்பெஸ்டஸ், பாவிக்கப்பட்டது. சுவிஸில் 1990 தொடக்கம் அது தடை. சில கால எஞ்சின்களின் மின்சார உறுப்புகளில் நச்சுத்தன்மையான பி.சி.பி. எண்ணெய் இருந்தது. அதுவும் 1986 முதல் தடை. எஞ்சினைக் காப்பாற்ற நினைப்பவர் முதலில் அதைச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு உரிய உடையும் அனுமதியும் பணமும் வேண்டும். ஆர்வத்தோடு வாங்கிய கழகங்கள் இந்த இடத்தில்தான் மூச்சுத் திணறுகின்றன.

ஓடவைப்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஓட ஓடத் தேயும். தேய்ந்ததை மாற்றினால், மாற்றிய பங்கு பழையதல்ல. எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் மிஞ்சுவது 1920இன் எஞ்சினா, இன்றைய எஞ்சினா? மாற்றாமல் வைத்தால் அது ஓடாது. நிற்கும் எஞ்சின் பொருளைக் காக்கிறது, ஓடும் எஞ்சின் வேலையைக் காக்கிறது. இரண்டும் தேவை என்பதால்தான் சில எஞ்சின்களை நிறுத்தியும் சிலவற்றை ஓட்டியும் வைத்திருக்கிறார்கள். சுவிஸ் புகையிரத நிறுவனம் தன் பழைய வண்டிகளையும் ஆவணங்களையும் பராமரிப்பதற்கென்று 2001இல் ஒரு அறக்கட்டளையை ஏற்படுத்தியது. அதனிடத்திலும் ஆர்வலர் கழகங்களிடத்திலும் ஓடக்கூடிய முதலைகள் இன்னும் இருக்கின்றன. விசேட நாட்களில் அவை மலையேறுவதைக் காணக் கூட்டம் கூடுகிறது.

நேயர்களே, இந்த உரையிலே நான் சொல்ல வந்த முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். முதலையை ஓட்டுவதற்கு முன்னர் அதன் தண்டுகளின் மூட்டுகளுக்குக் கையால் எண்ணெய் விட வேண்டும். எவ்வளவு விடுவது என்பதைக் கை சொல்லும். எந்தச் சத்தம் சரி, எந்தச் சத்தம் பிழை என்பதைக் காது சொல்லும். மோட்டரிலிருந்து வரும் மணம் சாதாரண சூடா, காப்புத் துணி கருகும் மணமா என்பதை மூக்கு சொல்லும். இறக்கத்திலே மின்சாரப் பிரேக்கை எந்தக் கணத்தில் எடுப்பது என்பது பல ஆண்டு பழகியவருக்குத்தான் வரும். இவற்றிலே பாதி எந்தக் கைநூலிலும் எழுதப்படவில்லை. முதலையை வேலை வண்டியாக ஓட்டிய கடைசித் தலைமுறை 1980களோடு நின்றுவிட்டது. அன்று இருபத்தைந்து வயதில் ஓட்டியவருக்கு இன்று அறுபத்தைந்துக்கு மேல். அவரிடம் பழகிய ஒருவர் இல்லாமல் அவர் போய்விட்டால், எஞ்சின் இருக்கும், பணம் இருக்கும், மின்சாரமும் இருக்கும், ஓட்ட மட்டும் ஆள் இருக்காது. ஓடும் முதலை அந்த நாளோடு நிற்கும் முதலையாகிவிடும். யாரும் அதை வெட்டவில்லை என்றாலும் அது ஒரு சாவுதான்.

இது எங்களுக்குப் புதிய சங்கதியல்ல. நாதஸ்வரத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். அதற்குச் சீவாளி செய்யத் தெரிந்த கை போனால் அந்த வாத்தியம் வெறும் மரம். புலம்பெயர்ந்த நாட்டில் இதை நாங்கள் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சாமானைக் காப்பது இலகு, கைப்பழக்கத்தைக் காப்பதுதான் பாடு.

பழையதை வைத்திருப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. கோத்தார்ட்டிலேயே அதற்கு ஒரு பதில் கிடைத்தது. 2016இல் 57 கிலோமீற்றர் நீளமான புதிய அடிவாரச் சுரங்கம் திறக்கப்பட்டது. பாரமான சரக்கு வண்டிகள் இப்போது மலையேறுவதில்லை, மலைக்கு அடியால் போகின்றன. பழைய மலைப்பாதை இனி எதற்கு என்று பலரும் கேட்டார்கள். 2023 ஆகஸ்ட் 10ஆம் திகதி அந்தப் புதிய சுரங்கத்துக்குள்ளே ஒரு சரக்கு வண்டியின் சக்கரம் உடைந்து, பெட்டிகள் தடம்புரண்டன. திருத்தவேலை முழுமையாக முடிய 2024 செப்டெம்பர் ஆகிவிட்டது. அந்த ஒரு வருட காலமும் பயணிகள் வண்டிகளில் பெரும்பகுதி பழைய மலைப்பாதையால்தான் போய்வந்தன. நேரம் ஒரு மணித்தியாலம் அளவில் கூடியது, ஆனால் வடக்கும் தெற்கும் துண்டிக்கப்படவில்லை. பாதையை மூடாமல் பராமரித்து வைத்திருந்தவர்களுக்கு அன்று யாரும் நன்றிக் கூட்டம் வைக்கவில்லை.

முதலை எஞ்சின் அப்படி ஆபத்துக்கு உதவப்போவதில்லை என்பது உண்மைதான். அது வைத்திருப்பது வேறொன்று. நிலக்கரி இல்லாத ஒரு சிறிய நாடு, தன்னிடம் உள்ள தண்ணீரை வைத்துத் தன் காலில் நின்ற கதையை அது வைத்திருக்கிறது. புத்தகத்திலே படித்தால் அது ஒரு பந்தி. 128 தொன் உருக்கு தண்டுகளைச் சுழற்றிக்கொண்டு ஏற்றத்தில் வருவதைப் பார்த்த பிள்ளைக்கு அதை இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை.

முடிக்குமுன்னர் இரண்டு காரியங்கள் சொல்லலாம் என்று நினைக்கிறேன். முதலாவது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். லுட்சேர்ன் அருங்காட்சியகம் தெரிந்த இடம்தான். கிறவுபுண்டன் பக்கம் போகிறவர்கள் பேர்கூன் நிலையத்தில் நிற்கும் சின்ன முதலையைப் பார்க்கலாம். அது ரேத்தியப் புகையிரதத்தின் ஒடுக்கமான பாதைக்காகக் கட்டப்பட்ட 15 எஞ்சின்களில் ஒன்று. கோத்தார்ட்டைக் கடக்கும்போது புதிய சுரங்கத்தால் போகாமல் ஒரு தடவை பழைய மலைப்பாதையால் போங்கள். எர்ஸ்ற்பெல்டில் இறங்கினால் நினைவு முதலையைக் காணலாம், மேலே போனால் வாஸன் தேவாலயத்தை மூன்று முறை எண்ணலாம்.

இரண்டாவது, எங்கள் இளையோருக்கு. உங்களில் எத்தனையோ பேர் பொலிமெக்கானிக்கர், ஒட்டோமாற்றிக்கர், மின்னியலாளர் என்று இந்த நாட்டிலே தொழில் பழகி நல்ல கையோடு இருக்கிறீர்கள். சிலர் புகையிரதத்திலேயே வேலை செய்கிறீர்கள். பழைய எஞ்சின்களைப் பராமரிக்கும் கழகங்கள் எல்லாவற்றிலும் தலை நரைத்தவர்கள்தான் அதிகம். சனிக்கிழமைகளில் எண்ணெய்க் கையோடு நிற்கும் அந்த முதியவர்களுக்குத் தேவை பணத்தைவிடப் பழக ஒரு இளைஞர். எந்த ஊர்ப் பெயர் என்று அவர்கள் கேட்கமாட்டார்கள். திருகாணி எந்தப் பக்கம் இறுகும் என்று தெரிந்தால் போதும். வேறெங்கும் கிடைக்காத ஒரு தொழிலறிவு அங்கே இலவசமாகக் கிடைக்கிறது. இன்னும் பத்து ஆண்டுகள் கழித்துப் போனால் சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பாரோ தெரியாது.